தும்பையின் அடையாளம் பூவில் இல்லை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தமிழ்நாட்டுப் புன்செய் நிலங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் வீடு கட்டாமல் போட்டுவைத்த மனைகளிலும் தும்பை பூத்துவிடுகிறது. முழங்கால் உயரம் தாண்டாத செடி. கணுவுக்குக் கணு, இலைகளின் இடுக்கில் வெள்ளைப் பூக்கள் வளையமாக நெருங்கி நிற்கும். கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் அதைக் காட்டித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அறிந்திருப்பது ஒரு வெள்ளைப் பூவை மட்டுமே. தாவரவியலார் லியூகஸ் என்று குறிக்கும் பேரினத்தில் ஏறத்தாழ 100 சிற்றினங்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியிருக்கின்றன. அவற்றில் பல நம் மண்ணுக்கும் உரியவை. சமவெளியில் எங்கும் தென்படும் லியூகஸ் ஆஸ்பெரா, 1753இல் லின்னேயஸ் இலங்கையின் பெயரைச் சூட்டிய லியூகஸ் சைலானிகா, ஒல்லி இலைகள் கொண்ட லியூகஸ் லாவண்டுலிஃபோலியா, தரையோடு படரும் லியூகஸ் பைஃப்ளோரா என எதை எடுத்தாலும், தூரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பூ ஒன்றுதான். பூவை வைத்து ‘தும்பை’ என்று சொல்லிவிடலாம்; எந்தத் தும்பை என்பதைச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது, பூ உதிர்ந்த பிறகும் செடியை விட்டுப் போகாத புல்லிவட்டம். தும்பை சேர்ந்திருக்கும் துளசிக் குடும்பம் முழுவதிலுமே கண்ணையும் மூக்கையும் முதலில் இழுக்கும் அடையாளங்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. மீதியைச் செடியின் அழகில்லாத பகுதிகளில்தான் தேட வேண்டும்.

முதலில் தண்டை எடுத்துக்கொள்வோம். லேமியேசி எனப்படும் இக்குடும்பத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது நாற்கோணத் தண்டு. தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தால் அது உருளாது, விளிம்புகள் தட்டுப்படும். அந்த நான்கு விளிம்புகளிலும், வளைந்தாலும் ஒடியாதபடி தாங்கும் கோலன்கைமா திசு திரண்டிருக்கிறது. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்க, அடுத்த கணுவின் சோடி முந்தையதற்குச் செங்குத்தாகத் திரும்பியிருக்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் நிலவேம்புக்கும் நாற்கோணத் தண்டுதான், இலையமைப்பும் இதேதான். அது அகாந்தேசி குடும்பம். அதே குடும்பத்து நீர்முள்ளி இன்னும் மோசமாக ஏமாற்றும்: தண்டில் கோணம் உண்டு, பூ இரண்டு உதடாகப் பிளந்திருக்கும், தும்பையைப் போலவே கணுவைச் சுற்றி வளையமாகவும் பூக்கும். மலைக்காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடிக்கும் தண்டு நாற்கோணம், இலைகள் எதிரெதிர், கசக்கினால் வாசம் வேறு; அதன் குடும்பமோ வெர்பெனேசி. நாற்கோணத் தண்டு இல்லாவிட்டால் தும்பைக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று சந்தேகப்படலாம். இருப்பதால் மட்டும் எதுவும் உறுதியாவதில்லை.

வாசனை இதைவிடப் பலவீனமான சாட்சி. புதினா, துளசி, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சிலை என்று சமையலறைக்கும் பூசையறைக்கும் வந்தவற்றை வைத்தே இக்குடும்பத்தை நாம் எடைபோடுவதால், இலையைக் கசக்கி முகர்ந்து முடிவுக்கு வருகிறோம். தும்பையைக் கசக்கினால் ஒரு பச்சை நெடி எழும். புதினாவின் குளிர்ச்சியோ துளசியின் காரமோ அதில் இல்லை. இதனால் தும்பைக்கும் துளசிக்கும் உறவே இல்லை என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. 1945இல் ஸ்வீடனின் எர்ட்மன் மகரந்தத் தூள்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இக்குடும்பத்தை இரண்டாகப் பகுத்தார். ஒரு பிரிவின் மகரந்தத்தில் ஆறு பள்ளங்கள், மற்றதில் மூன்று. ஆறு பள்ளப் பிரிவில்தான் புதினாவும் துளசியும் கற்பூரவள்ளியும் இருக்கின்றன. எளிதில் ஆவியாகும் எண்ணெய்களை நிறையச் சுரப்பதும் அந்தப் பிரிவே. தும்பையும் பேய்மிரட்டியும் மூன்று பள்ளப் பிரிவைச் சேர்ந்தவை. ஆக, தும்பையில் புதினா வாசம் இல்லாதது அது வெளியாள் என்பதற்குச் சான்றாகாது. வீட்டின் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதற்கே சான்று.

பூவிடம் வருவோம். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பூ நிறையவே சொல்கிறது; நாம் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் சொல்லாது. தும்பைப் பூவின் அல்லிவட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குழல். அதன் முனை இரண்டு உதடுகளாகப் பிரிகிறது. மேலுதடு குட்டையானது, கவிந்தது, வெண்பஞ்சு மயிர் அடர்ந்தது. கீழுதடு அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நீண்டு மூன்று மடல்களாக விரியும். நடுமடல்தான் பெரிது, தேனீ இறங்கும் இடம் அது. நான்கு மகரந்தத்தாள்கள், இரண்டு நெட்டை இரண்டு குட்டையாக, மேலுதட்டின் அடியில் ஒளிந்திருக்கின்றன. தேனீ தலையை உள்ளே நுழைக்கும்போது தூள் அதன் முதுகுப்பக்கம் ஒட்டுகிறது. இப்போது துளசிப் பூவை எடுத்தால் கணக்கு தலைகீழ். அங்கே மேலுதட்டில் நான்கு மடல்கள், கீழுதட்டில் ஒன்றே ஒன்று. மகரந்தத்தாள்கள் கீழுதட்டின்மேல் சாய்ந்து கிடக்கும். தூள் தேனீயின் வயிற்றுப்பக்கம் ஒட்டும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்ப் பட்டியலில் தும்பையும் துழாயும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே குடும்பத்தின் இரு பெருங்கிளைகள் ஒரே அடியில் அமைந்தது தற்செயல்தான் என்றாலும், இரண்டு பூக்களையும் அருகருகே வைத்து லென்ஸில் பார்ப்பவருக்கு அந்த வரிசை தனி மகிழ்ச்சி தரும். பூவின் பயன் இந்த அளவில் உண்டு: துளசியின் கூட்டமா தும்பையின் கூட்டமா என்று பிரித்துக் காட்டும். ஆனால் ஆஸ்பெராவிலும் சைலானிகாவிலும் லாவண்டுலிஃபோலியாவிலும் அதே பஞ்சு மேலுதடு, அதே மூன்று மடல், அதே வெள்ளை. எல்லாம் ஏறக்குறைய ஒரே வகை விருந்தினருக்காகத் திறந்த வாசல்கள். வாசல்கள் ஒத்திருப்பதில் வியப்பில்லை.

குடும்பத்தை உறுதிசெய்ய, பூ உதிர்ந்த பழைய வளையம் ஒன்றைத் தண்டின் கீழ்க்கணுவிலிருந்து பறித்து, ஒரு புல்லிவட்டத்தை ஊசியால் கீறிப் பார்க்க வேண்டும். அடியில் நான்கு பழுப்புநிறச் சிறுகொட்டைகள், உரித்த பழத்தின் சுளைகள் போல நெருங்கி உட்கார்ந்திருக்கும். தும்பையில் ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். வெளிப்புறம் உருண்டை, உட்புறம் கோணம். சூலகம் உண்மையில் இரண்டு சூலிலைகளால் ஆனது; ஒவ்வொன்றும் நடுவில் எழும் பொய்ச்சுவரால் இரண்டாகப் பிரிய, நான்கு அறைகள், அறைக்கு ஒரு சூல். சூல்தண்டு சூலகத்தின் உச்சியிலிருந்து கிளம்பாமல், நான்கு மடல்களுக்கும் நடுவே அடியிலிருந்து கிளம்புகிறது. கடையில் சப்ஜா விதை என்று வாங்கிச் சர்பத்தில் ஊறவைக்கிறோமே, அது திருநீற்றுப்பச்சிலையின் இந்தச் சிறுகொட்டைதான். தாவரவியல் கணக்கில் விதை அல்ல, கனி. நிலவேம்பையும் நீர்முள்ளியையும் இதே இடத்தில் கீறிப் பார்த்தால் கிடைப்பது உலர்ந்து வெடிக்கும் காய், உள்ளே கொக்கிகள் தாங்கிப்பிடித்த விதைகள். உண்ணிச்செடியில் கிடைப்பது சதைப்பற்றான கருநீலப் பழம். தண்டும் இலையும் பூவும் சேர்ந்து ஏமாற்றிய மூன்றையும் கனி ஒரு நொடியில் விலக்கிவிடுகிறது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். கவிழ்தும்பை என்றொரு செடி உண்டு, டிரைக்கோடெஸ்மா இண்டிகம். அதன் கனியிலும் நான்கு சிறுகொட்டைகள், சூல்தண்டும் அடியிலிருந்தே கிளம்புகிறது, கீழ் இலைகள் எதிரெதிராகவும் இருக்கின்றன. ஆனால் அது போராஜினேசி குடும்பம். தும்பைக்கு நெருங்கிய உறவு இல்லை. அப்படியானால் நான்கு சிறுகொட்டை என்ற சான்றும் பொய்த்துவிட்டதா? தனித்து நின்றால் பொய்க்கும்தான். இரண்டு வம்சங்கள் தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் கவிழ்தும்பையின் பூவைத் திருப்பிப் பார்த்தால் உதடுகளே இல்லை. ஐந்து மடல்களும் சமம், மகரந்தத்தாளும் ஐந்து, அவை நடுவில் முறுக்கிய கூம்பாகச் சேர்ந்திருக்கும். தண்டில் நான்கு விளிம்பும் இராது. இன்னும் நுணுகிப் போனால், துளசிக் குடும்பத்தின் விதைக்குள் முளைவேர் கீழ்நோக்கியும், போராஜினேசியில் மேல்நோக்கியும் இருக்கும்; ஆனால் வயலில் நிற்பவருக்கு அதற்குத் தேவை வராது. ஓர் அடையாளம் எத்தனை நல்லதாக இருந்தாலும் அதை ஒற்றையாக நம்பக் கூடாது என்பதற்கு இந்தச் செடியைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் தேக்கிலிருந்து வருகிறது. தேக்கும் நொச்சியும் நெடுங்காலம் வெர்பெனேசியில் இருந்தன. 1990களில், உருவவியலையும் பிறகு மரபணுச் சான்றுகளையும் வைத்து, அவற்றைத் துளசிக் குடும்பத்துக்கு மாற்றினார்கள். இவற்றின் சூல்தண்டு அடியிலிருந்து கிளம்புவதில்லை, கனியும் நான்காகப் பிரிந்து உதிர்வதில்லை. பெருமரம் ஒன்று இக்குடும்பத்தில் இருக்கும்போது சிறுகொட்டை இலக்கணம் என்ன ஆனது என்ற கேள்வி சரியானதே. பதில் இதுதான்: நான்கு சிறுகொட்டை இருந்து பூவும் இரண்டு உதடானால் அது துளசிக் குடும்பம், இல்லாவிட்டால் இக்குடும்பம் அல்ல என்று சொல்ல முடியாது. இளந்தேக்குக் கிளையின் நாற்கோணமும், எதிரெதிர் இலைகளும், மஞ்சரியின் கிளைகள் ஒவ்வொன்றும் நடுப்பூவில் முடிந்து பக்கத்தில் தொடரும் வகையும் உறவைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. உண்ணிச்செடியில் மஞ்சரி அப்படி முடிவதில்லை. நுனி வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அது வெர்பெனேசியிலேயே நின்றுவிட்டது. இந்த மாற்றத்தால் கிடைத்த உபரி ஒன்று: புறப்பொருள் வெண்பாமாலையில் கோட்டை காப்போர் சூடும் நொச்சியும், களத்தில் எதிரெதிர் நின்று பொருவோர் சூடும் தும்பையும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே குடும்பம்.

குடும்பம் தீர்ந்தது, எந்தத் தும்பை என்ற கேள்வி மிச்சம். இதற்குத் தேவை பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸும் பொறுமையும்தான். லியூகஸ் பேரினத்தின் புல்லிவட்டம் பத்து நரம்புகள் ஓடும் குழல். வாயில் பெரும்பாலும் எட்டு முதல் பத்துப் பற்கள். இதை வைத்தே பேய்மிரட்டியை ஒதுக்கிவிடலாம்: அதற்கு ஐந்தே பற்கள், ஐந்தும் சமமாக, ஈட்டி முனையாக நிற்கும். ஆஸ்பெராவின் குழல் எட்டு முதல் பதின்மூன்று மில்லிமீட்டர் வரை நீளும், சற்றே வளைந்திருக்கும். கீழ்ப்பாதி மயிரில்லாத மெல்லிய சவ்வு. மேற்பாதியில் நரம்புகள் புடைத்து, தொட்டால் சொரசொரக்கும் மயிர். சிறுகொட்டைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சற்று மேலே குழல் ஒடுங்குகிறது. வாய் நேராக வெட்டியதாக இல்லாமல் சாய்ந்திருக்கும். மேல்விளிம்பு முன்னால் நீண்டிருக்கும், பற்களில் மேற்பல்லே பெரிது. வாயின் உட்புறத்தில் அடர்ந்த மயிர் இல்லை. வளையத்தின் அடியில் குச்சி குச்சியாக நிற்கும் பூவடிச்செதில்கள் ஓரத்தில் நீண்ட மயிர் தாங்கி, ஏறக்குறைய புல்லிவட்டத்தின் உயரத்துக்கே வரும். சைலானிகாவில் அந்தச் செதில்கள் புல்லிவட்டத்தைவிடக் குட்டை, வளையமும் அத்தனை நெருக்கமாக இராது. லாவண்டுலிஃபோலியாவில் வாயின் சாய்வு இன்னும் கூடுதல். மேற்பல் துருத்திக்கொண்டு நிற்க மற்றவை சிறுத்துப் போயிருக்கும். பைஃப்ளோராவில் கணுவுக்குப் பெரும்பாலும் இரண்டே பூக்கள், பற்கள் ஏறக்குறைய சமம். லியூகஸ் செஃபலோட்டஸில் பூவளையம் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் உருண்டையாகத் திரளும், செதில்கள் அகன்று இலைபோல மூடியிருக்கும், வாயின் உட்புறம் மயிர் நிறைந்திருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. 1832 முதல் 1836 வரை இக்குடும்பத்துக்கே தனிப் பெருநூல் எழுதிய ஜார்ஜ் பெந்தம், லியூகஸைப் பிரித்த பிரிவுகள் சிலவற்றுக்குப் புல்லிவட்ட வாயின் சாய்வையே பெயராக்கினார். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரநூலிலும், காம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூலிலும், திருச்சி ரபினாட் உலர்தாவரகத்திலிருந்து 1980களில் கே.எம். மேத்யூ வெளியிட்ட தமிழகக் கர்னாடகப் பகுதித் தாவரநூலிலும் லியூகஸைத் தேடுபவர் புல்லிவட்டத்தைப் பார்க்காமல் நகர முடியாது. அவர்கள் பெரும்பாலும் உலர்ந்த மாதிரிகளை வைத்து வேலை செய்தார்கள். அல்லிவட்டம் சுருங்கிப் பழுத்து உதிர்ந்துவிடும், புல்லிவட்டம் நூறாண்டு கழித்தும் வடிவம் கெடாமல் இருக்கும். வசதிக்காக எடுத்துக்கொண்ட சான்றுதானே இது, உயிருள்ள செடிக்கு எந்த அளவு பொருந்தும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். வசதி மட்டும் காரணமானால், அதே தாளில் அதேபோலத் தங்கியிருக்கும் இலையும் சமமாக உதவியிருக்க வேண்டும். உதவவில்லை. நிழலில் வளர்ந்த ஆஸ்பெராவின் இலை அகலும், காய்ந்த மேட்டில் குறுகும். புல்லிவட்டத்தின் நீளமும் மாறத்தான் செய்கிறது. எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையே அது ஆடுவதைப் பார்த்தோம். மாறாமல் நிற்பவை வாயின் சாய்வு, மேற்பல்லின் அளவு, மயிர் எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்ற கணக்கு. அதுவும் முற்றிய வளையத்தில்தான். நுனியில் இப்போதுதான் பூத்த வளையத்தின் புல்லிவட்டம் முழுமையாக வளர்ந்திராததால், அதை அளந்து முடிவு சொல்வது வீண்வேலை.

மரபணு ஆய்வுகள் எழுப்பும் எதிர்ப்பு இதைவிடக் கனமானது. ஆசிய லியூகஸ் இனங்களும் ஆப்பிரிக்க லியூகஸ் இனங்களும் சேர்ந்து ஒரே தனிக்கிளையாக அமைவதில்லை. ஆப்பிரிக்க இனங்களுக்கு இடையே, உருண்டை உருண்டையாகச் செம்மஞ்சள் பூக்கும் லியோனோடிஸ் போன்ற வேறு பேரினங்களும் வந்து கலக்கின்றன. பத்துப் பல் புல்லிவட்டத்தைப் பார்த்து ஒரே பெயருக்குள் அடக்கியது வம்சவழிக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே புல்லிவட்டமும் பொய்சொல்லி என்று முடிவுகட்டலாமா? உறவுமுறையை நிறுவுவது ஒரு வேலை, கையில் இருக்கும் செடி எது என்று சொல்வது வேறு வேலை. முதலாவதற்கு ஒரே பண்பு பலமுறை தோன்றியிருக்குமோ என்ற அச்சம் எப்போதும் உண்டு. இரண்டாவதற்கு, குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்பில் வளரும் சில இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டினால் போதும். வருங்காலத்தில் சில தும்பைகளின் பேரினப் பெயர் மாறினாலும், ஆஸ்பெராவின் வாய் அதே சாய்வில்தான் இருக்கும்.

கைபேசிச் செயலி படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுகிறதே என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. செயலி, படத்தில் இல்லாததைப் பார்க்க முடியாது. நாம் எடுப்பது பெரும்பாலும் பூவின் முன்பக்கம். அது எல்லாத் தும்பைக்கும் பொது. கீழ்வளையத்துப் புல்லிவட்டம் ஒன்றைப் பக்கவாட்டில், அருகே ஓர் அளவுகோலை வைத்து எடுத்துச் சேர்த்தால், செயலிக்கு இல்லாவிட்டாலும் பின்னால் அந்தப் படத்தைப் பார்க்கும் மனிதருக்குப் பயன்படும்.

இந்த நுணுக்கமெல்லாம் தாவரவியலாருக்குத்தானே என்று தள்ளவும் முடியாது. தும்பை சித்த மருத்துவத்தில் புழங்கும் மூலிகை. நாட்டுமருந்துக் கடைக்கு அது வேரோடு பிடுங்கிக் காயவைத்த கட்டாக வருகிறது. அந்தக் கட்டில் பூ இராது, நிறம் இராது, முகர்ந்தால் வைக்கோல் வாசம். தண்டும் கணுவும் புல்லிவட்ட வளையங்களும் மட்டும் அப்படியே இருக்கும். வாய் சாய்ந்திருக்கிறதா, மேற்பல் எப்படி, அடியில் நான்கு சிறுகொட்டை தங்கியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். அதையே இடித்துப் பொடியாக்கிப் பொட்டலத்தில் போட்டுவிட்டால் இந்தச் சான்று முழுவதும் அழிந்துபோகிறது. அப்புறம் மிஞ்சுவது நுண்ணோக்கிக்குத் தெரியும் மயிர்த்துணுக்குகளும், உதிர்ந்த பூவிலிருந்து ஒட்டிக்கொண்டு இடிபட்ட மகரந்தத் தூளும்தான். தூளில் மூன்று பள்ளமா ஆறு பள்ளமா என்று எண்ணினால் பொடியில் துளசி கலந்திருக்கிறதா என்பது தெரியவரும். எந்தத் தும்பையை இடித்தார்கள் என்பதை அந்த எண்ணிக்கையால் சொல்ல முடியாது.